கதைத்தால் ஆறுமா?

“கதைச்சு என்ன வரப்போகுது? போனதுகள் திரும்பி வருமோ?”

அவுஸ்திரேலியாவுக்கு வந்து சேர்ந்த எங்கள் குடும்பங்களில் ‘கவுன்சிலிங்’ என்ற சொல் முதன்முதல் வீட்டுக்குள் நுழையும்போது பெரும்பாலும் எழுகிற கேள்வி இது. குடும்ப வைத்தியர் ஒரு கடிதம் எழுதித் தருகிறார். அல்லது பிள்ளையின் பாடசாலையிலிருந்து ஒருவர் தொலைபேசி எடுக்கிறார். அல்லது குடியேற்ற உதவி நிலையத்தில் எங்கள் அலுவல் பார்ப்பவர், ஒரு சமூகப் பணியாளரைச் சந்தித்துப் பாருங்கள் என்கிறார். உடனே இரண்டு பயம் வந்துவிடும். ஒன்று, ‘விசர்’ என்று சனம் பெயர் வைத்துவிடும் என்பது. மற்றது, இத்தனை வருடமாக மூடி வைத்திருக்கிற எல்லாவற்றையும் முன்பின் தெரியாத ஒருவருக்கு முன்னால் அவிழ்த்துக் கொட்டச் சொல்லுவார்கள் என்பது.

முதற் பயம் பழசு, எல்லா ஊரிலும் உள்ளது. இரண்டாவதைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அது பாதிதான் உண்மை. மனவடுவுக்குச் செய்யப்படும் சிகிச்சை ஒரே போத்தலில் வருகிற ஒரே மருந்து அல்ல. நடந்ததை ஆதியோடந்தமாகச் சொல்லச் சொல்லும் முறைகள் உண்டு. நடந்தது என்னவென்று ஒருபோதும் கேட்காத முறைகளும் உண்டு. ஒரு தடவை போய், பிடிக்காமல் திரும்பி வந்து, “அதெல்லாம் எங்களுக்குச் சரிவராது” என்று சொல்பவர் பல வேளைகளில் ஒரு முறையைத்தான் மறுத்திருக்கிறார். மற்ற முறைகளைப் பற்றி அவருக்கு எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

யார் இவர்கள்?

முதலில் ஆட்களைப் பிரித்து அறிவது நல்லது. மனநோய் வைத்தியர் மருந்து எழுதுவார். உளவியலாளர் எழுதமாட்டார், அமர்வுகளை நடத்துவார். சமூகப் பணியாளர் என்பவர் எங்கள் ஊர்க் கணக்கில் எதிலும் அடங்காத ஒருவர். வீட்டு வாடகைக்குக் கடிதம் எழுதுவார், சென்டர்லிங்குக்குத் தொலைபேசி எடுப்பார், பிள்ளையின் பாடசாலையோடு கதைப்பார், அதே கதிரையில் இருந்து உளவளத்துணையும் செய்வார். “இவர் வீட்டு அலுவல் பார்க்கிற ஆள், இவரிட்ட ஏன் நித்திரை வராததைச் சொல்லவேணும்?” என்று நினைக்க வேண்டாம். அதற்கென மேலதிகப் பயிற்சி பெற்று அங்கீகாரம் பெற்ற சமூகப் பணியாளர்கள் இந்நாட்டில் உண்டு. 2006இலிருந்து மெடிகெயரும் அவர்களது அமர்வுகளுக்குக் கழிவு தருகிறது.

சித்திரவதையிலும் போரிலும் தப்பி வந்தவர்களுக்கென்றே அமைந்த நிலையங்கள் வேறு. மெல்பேர்ணில் 1987இல் தொடங்கிய ஃபவுண்டேஷன் ஹவுஸ் பிரன்ஸ்விக்கைத் தலைமையிடமாகக் கொண்டது. டண்டெனோங்கிலும் அதற்கு அலுவலகம் உண்டு. சிட்னியில் 1988இல் தொடங்கிய ஸ்டார்ட்ஸ் காரமாரில் இருக்கிறது. மற்ற மாநிலங்களிலும் இத்தகைய நிலையங்கள் இருக்கின்றன. இவற்றில் கட்டணம் இல்லை.

மனவடு எங்கே தெரிகிறது?

யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் மனநோய் வைத்தியராகப் பணியாற்றி, பின்னர் அடிலெய்டிலும் வேலை செய்த பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் ‘ஸ்கார்ட் மைண்ட்ஸ்’ என்ற ஆங்கில நூலை எழுதினார். எங்கள் சனம் மனத்துயரத்தை உடம்பால்தான் சொல்கிறது என்பது அவர் திரும்பத் திரும்பக் காட்டிய விஷயம். தலையிடி, நெஞ்சு இடிப்பு, கைகால் விறைப்பு, இழுத்து விடுகிற பெருமூச்சு. இங்குள்ள வைத்தியர் இரத்தம் எடுப்பார், படம் எடுப்பார், ஒன்றுமில்லை என்பார். ஒன்றுமில்லை என்பதைக் கேட்டதும் எங்களுக்கு இன்னும் கோபம் வரும். நோவு இருக்கிறதே!

நோவு பொய்யல்ல. ஷெல் வருகிற சத்தத்துக்குப் பதுங்கிப் பழகிய உடம்பு, ஷெல் இல்லாத ஊரிலும் பதுங்கிக்கொண்டே இருக்கிறது. எந்தச் சிகிச்சை முறையானாலும் அது கடைசியில் முகங்கொடுக்க வேண்டியது இந்த உடம்புக்குத்தான். வழிகள்தான் வேறுபடுகின்றன.

நினைப்பைச் சோதிக்கும் முறை

குடும்ப வைத்தியரின் கடிதத்தோடு போகிறவருக்குப் பெரும்பாலும் முதலில் கிடைப்பது அறிகை நடத்தைச் சிகிச்சை, சுருக்கமாக சி.பி.ரி. என்பார்கள். அமெரிக்க மனநோய் வைத்தியர் ஆரன் பெக் 1960களில் இதற்கு வழி திறந்தார். அமர்வுகள் எண்ணிக்கையானவை, வீட்டுவேலையும் தருவார்கள். எது நடந்தது, அப்போது என்ன நினைத்தீர்கள், உடம்பு என்ன செய்தது, பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வரச் சொல்லுவார்கள்.

வெஸ்ற்மீட் பக்கம் குடியிருப்பவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கொண்டுவரும் ஹெலி வீட்டுக்கு மேலால் போகிறது. சத்தம் கேட்டதும் நெஞ்சு அடிக்கிறது, கை வியர்க்கிறது. ‘அடிக்கப் போறான்’ என்ற நினைப்பு, அது நினைப்பு என்று தெரியுமுன்னரே உடம்பைப் பிடித்துவிடுகிறது. அவர் யன்னலைப் பூட்டுகிறார். அடுத்த மாதம் வெளியில் போவதைக் குறைக்கிறார். சி.பி.ரி. அந்தச் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகக் கழற்றிப் பார்க்கிறது. இது எந்த ஹெலி, எங்கே போகிறது, நேற்றும் போனதே, என்ன நடந்தது? மூச்சை மெதுவாக்கிக்கொண்டு, பூட்டிய யன்னலைச் சிறிது சிறிதாகத் திறக்கப் பழக்குகிறது. இப்படியான விஷயங்களுக்கு இந்த முறை நன்றாக வேலை செய்கிறது. படிக்கிற பிள்ளைகளுக்கும், எதையும் ஒழுங்காகக் கணக்குப் பார்த்துச் செய்கிறவர்களுக்கும் பிடித்துப்போவதைக் காணலாம். வெளியே சொல்ல முடியாததைச் சொல்லவும் தேவையில்லை.

ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. ‘என்னைத் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்’ என்று ஒருவர் நினைக்கிறார். விசா முடிவு வராமல் பதினொரு வருடம் காத்திருந்தவருக்கு அது பிழையான நினைப்பா? அதைக் கொப்பியில் எழுதி, ஆதாரம் பார்த்து, திருத்திக்கொண்டு வரச் சொன்னால் அவர் எழும்பிப் போய்விடுவார். போவதும் நியாயமே.

இதற்கு எங்கள் சனத்தை வைத்தே ஓர் ஆய்வு இருக்கிறது. சேக்கரி ஸ்டீல், டெரிக் சிலோவ் முதலிய சிட்னி ஆய்வாளர்கள் அவுஸ்திரேலியாவில் இருந்த 196 தமிழர்களிடம் விசாரித்து 1999இல் முடிவை வெளியிட்டனர். அவர்களில் 62 பேர் புகலிடம் கோரிக் காத்திருந்தவர்கள், 30 பேர் அகதிகளாக ஏற்கப்பட்டவர்கள், 104 பேர் சாதாரணமாகக் குடிபெயர்ந்தவர்கள். மனவடு அறிகுறிகளுக்கு ஊரில் பட்டது ஒரு காரணம். இங்கு வந்தபின் படுகிற நெருக்கடிகள் அதோடு சேர்கிற இன்னொரு காரணம் என்று அது காட்டியது. அதே குழுவினர் சிட்னியில் வாழ்ந்த மண்டேய அகதிகளிடம் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வு, தடுப்புமுகாமும் தற்காலிக விசாவும் மனநிலையைத் தனியாகவே கெடுக்கின்றன என்றது. படகில் வந்து தற்காலிக விசாவில் வருடக்கணக்கில் இருந்த எங்களவரில் ஒரு பகுதியினருக்கு 2023 பெப்ரவரியில் நிரந்தர வதிவிடத்துக்கு வழி திறந்தது. விண்ணப்பம் ஏற்கனவே நிராகரிக்கப்பட்டவர்கள் அதில் அடங்கவில்லை. அப்படியானவருக்கு முதலில் வேண்டியது நல்ல வழக்கறிஞர், வேலை அனுமதி, வாடகைக்கு ஒரு வழி. சமூகப் பணியாளர் அந்த அலுவலைப் பார்ப்பதை ‘சிகிச்சை இல்லை’ என்று எண்ணக்கூடாது.

நடந்ததைச் சொல்லும் முறைகள்

இனி, எல்லோரும் பயப்படுகிற இடத்துக்கு வருவோம்.

சிலி நாட்டில் பினோசேயின் இராணுவ ஆட்சி நடந்த காலம். சிறையில் சித்திரவதைப்பட்டு வெளியே வந்தவர்களை இரகசியமாகப் பார்த்துவந்த இரண்டு உளவியலாளர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். பட்டவர் தன் கதையை ஒலிநாடாவில் சொல்லி, அதை இருவரும் சேர்ந்து எழுத்தாக்கி, சாட்சியமாக முழுமைப்படுத்தியபோது பலருக்கு நித்திரை திரும்பியது. வெட்கம் என்று மறைத்ததை, தனக்குச் செய்யப்பட்ட குற்றம் என்று பார்க்க முடிந்தது. 1983இல் இதை அமெரிக்க சஞ்சிகை ஒன்றில் எழுதியபோது சியன்ஃபுவேகோஸ், மொனெல்லி என்ற புனைபெயர்களில்தான் அவர்கள் எழுத வேண்டியிருந்தது. சொந்தப் பெயரைப் போட்டால் என்ன நடக்கும் என்பதை எங்கள் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இதுவே சாட்சியச் சிகிச்சை எனப் பெயர் பெற்றது. பின்னர் இந்தியா, இலங்கை, கம்போடியா, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளில், எழுதிய சாட்சியத்தைச் சமயச் சடங்கோடு சேர்த்துச் சபையில் வாசிக்கும் வழக்கமும் இதோடு இணைந்தது.

ஜேர்மனியின் கொன்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் மாகி ஷவர், ஃபிராங் நொய்னர், தோமஸ் எல்பர்ட் ஆகியோர் இதை சி.பி.ரி.யோடு கலந்து குறுகிய காலச் சிகிச்சையாக்கினார்கள். என்.ஈ.ரி. என்று அழைக்கப்படுகிறது. முதல் நாள் நிலத்தில் ஒரு கயிற்றை விரித்து, பிறந்த நாளிலிருந்து இன்றுவரை அதில் வரிசையாக அடையாளம் வைக்கச் சொல்லுவார்கள். நல்லதுக்குப் பூ, கெட்டதுக்குக் கல். பிறகு ஒவ்வொரு அமர்விலும் கயிற்றின் ஒரு பகுதியை விரிவாகச் சொல்ல வேண்டும். கல் வருகிற இடத்தில் அவசரப்படாமல், அன்று கண்டது, கேட்டது, மணத்தது, உடம்பில் உணர்ந்தது எல்லாவற்றையும் மெதுவாக. சிகிச்சை செய்பவர் எழுதிக்கொள்வார். அடுத்த முறை அதை வாசித்துக் காட்டுவார். கடைசியில் முழுக் கதையும் எழுத்தில் உங்கள் கையில் தரப்படும்.

ஏன் இப்படி வதைக்க வேண்டும்? அவர்கள் சொல்லும் காரணம் இது. சாதாரண நினைவுக்கு இடமும் திகதியும் உண்டு. கலியாணவீட்டை நினைத்தால் அது அன்று நடந்தது என்று தெரியும். மனவடு நினைவுக்கு அந்த முத்திரை விழவில்லை. ஆகவே அது வரும்போது இப்போது நடப்பதுபோலவே வருகிறது. துண்டு துண்டாகக் கிடப்பதை ஒழுங்கில் வைத்து, இது அன்று, இந்த இடத்தில், முடிந்துபோனது என்று முத்திரை குத்துவதே வேலை.

துண்டு துண்டாகக் கிடப்பதால் வேறொரு ஆபத்தும் உண்டு, விசா விசாரணைக்குப் போனவர்களுக்கு அது தெரியும். முதல் நேர்முகத்தில் ஒன்றும் இரண்டாவதில் இன்னொன்றும் சொன்னால் பொய்யர் என்று எழுதிவிடுவார்கள். ஜேன் ஹெர்லிஹி என்பவரும் கூட்டாளிகளும் பிரித்தானியாவில் இருந்த 39 கொசோவோ, பொஸ்னிய அகதிகளை இரு தடவை விசாரித்து 2002இல் எழுதினார்கள். இவர்களுக்கு ஏற்கனவே தங்கும் அனுமதி கிடைத்திருந்தது. பொய் சொல்லத் தேவையே இல்லை. ஆயினும் இரண்டு தடவையும் சொன்னவை பல இடங்களில் ஒத்துவரவில்லை. ஆகவே உங்கள் பதிலில் முரண்பாடு உண்டென்று சொல்லப்பட்டிருந்தால், அதை வழக்கறிஞரிடமும் உளவளத்துணையாளரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். நினைவு ஏன் அப்படி நடக்கிறது என்று விளக்கி அவர்கள் கடிதம் எழுதலாம்.

இந்த முறை பலன் தருகிறதா என்பதற்கு ஆதாரம் பலமாகவே இருக்கிறது. உகண்டாவில் முகாமில் இருந்த 43 சூடான் அகதிகளை மூன்று பிரிவாக்கி ஒரு பிரிவுக்கு என்.ஈ.ரி., ஒரு பிரிவுக்கு ஆறுதலான ஆலோசனை, ஒரு பிரிவுக்கு மனவடு பற்றிய விளக்கம் மட்டும் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது முதற் பிரிவில் 29 வீதத்தினருக்கும், ஆறுதல் பெற்ற பிரிவில் 79 வீதத்தினருக்கும், விளக்கம் மட்டும் பெற்ற பிரிவில் 80 வீதத்தினருக்கும் மனவடு நோய் இன்னும் இருந்தது. 2004இல் வெளியான இந்த முடிவு, வாரம் தவறாமல் போய் ஆறுதலாகக் கதைத்து வருவதிலேயே காலத்தைக் கழிக்கிறவர்கள் யோசிக்க வேண்டியது. நல்ல மனிதர், தேத்தண்ணி தருகிறார், கேட்கிறார். ஆனால் கெட்ட கனவு மூன்று வருடமாக அப்படியே இருக்கிறதென்றால், வேறு முறை உண்டா என்று கேட்பது அவரை அவமதிப்பதாகாது.

இதற்கு மறுபக்கமாக நிற்பது எங்கள் மண்ணில் நடந்த ஓர் ஆய்வு. 2004 டிசம்பர் கடல்கோளுக்குச் சில வாரங்களின் பின் வடகிழக்கில், போரையும் கடலையும் கண்ட 31 பிள்ளைகளை எடுத்து, பாதிப்பேருக்கு இந்தக் கதைசொல்லும் சிகிச்சையின் சிறுவர் வடிவமும், மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் ஆறு அமர்வுகள் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் பயிற்றப்பட்ட உள்ளூர் ஆசிரியர்கள். ஆறு மாதத்தின் பின் கதை சொன்ன பிள்ளைகளில் 81 வீதத்தினரும், தியானம் செய்த பிள்ளைகளில் 71 வீதத்தினரும் தேறியிருந்தார்கள். கணக்கில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. சிறிய ஆய்வுதான், அதுவும் பிள்ளைகளிடம். ஆனாலும் சொல்லித்தான் ஆறவேண்டும் என்றில்லை, சொன்னால் உடைந்துபோவோம் என்றுமில்லை என்பதை அது ஒரே மூச்சில் காட்டுகிறது.

எப்போது சொல்வது என்பதில் வல்லுநர்களுக்குள் தகராறு உண்டு. பொஸ்டன் நகர மனநோய் வைத்தியர் ஜூடித் ஹெர்மன் 1992இல் எழுதிய நூலில், முதலில் பாதுகாப்பு, பிறகுதான் நினைவுகூர்ந்து துக்கப்படுதல், பிறகு வாழ்வோடு மறுபடி சேருதல் என்று மூன்று கட்டம் வகுத்தார். காலுக்குக் கீழே நிலம் ஆடும்போது பழையதைக் கிளறக்கூடாது என்பது வாதம். என்.ஈ.ரி. காரர்கள் அப்படிக் காத்திருந்தால் அகதிக்கு ஒருநாளும் வேளை வராது என்கிறார்கள். முகாமிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில், இருக்க வீடும் இராத்திரிக்கு ஒரு துணையும் இருந்தால் விசாவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்குள்ளேயே அடி விழுகிறதென்றால், அல்லது உயிரை மாய்க்கும் நினைப்பு வருகிறதென்றால், முதல் அலுவல் அதுவே. கயிறும் கல்லும் பிறகு.

ஒரு நடைமுறை விஷயத்தையும் சொல்ல வேண்டும், புத்தகங்களில் இதைக் காண்பது அரிது. எழுதிய கதை கையில் தரப்படும் என்றேன். எங்கள் வீடுகளில் தனி அலுமாரி யாருக்கு இருக்கிறது? பாலியல் வன்முறை பட்ட ஒரு பெண்ணின் கதை அந்தத் தாளில் இருக்கலாம். மாமியாரோ வளர்ந்த பிள்ளையோ எடுத்து வாசித்தால்? தாளை நிலையத்திலேயே வைத்திருக்கச் சொல்லலாம். வேண்டாம் என்றும் சொல்லலாம். தொடங்குமுன்னரே கேட்டுவிடுங்கள்.

கண்ணசைவைக் கொண்டு செய்யும் ஈ.எம்.டி.ஆர். என்ற முறையும் இந்த வரிசையில் சேரும். அமெரிக்கரான ஃபிரான்சின் ஷப்பிரோ 1980களின் இறுதியில் தொடக்கியது. கெட்ட நினைவை மனதில் பிடித்துக்கொண்டு, சிகிச்சை செய்பவரின் விரல் அசைகிற பக்கமெல்லாம் கண்ணை அசைக்க வேண்டும். பார்க்க மந்திரவாதம் போலத் தோன்றும். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2013இல் மனவடு நோய்க்குப் பரிந்துரைத்த முறைகளில் இதுவும் ஒன்று. நினைவை விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை என்பது எங்களில் பலருக்கு வசதி.

அடிலெய்டிலிருந்து வந்த வழி

கதையாடல் சிகிச்சை என்று நாம் சொல்லக்கூடிய ‘நரேட்டிவ் தெரப்பி’ பெயரில்தான் முன்னதைப் போன்றது; உள்ளே வேறு. இது இந்நாட்டில் பிறந்தது, உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கல் வைட் அடிலெய்ட் சமூகப் பணியாளர். நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டனோடு சேர்ந்து வளர்த்தார். ஆளையும் பிரச்சினையையும் வெவ்வேறாக வைத்துக் கதைப்பது அவர் வழி. ‘நான் பயந்தாங்கொள்ளி’ என்று வருகிறவரிடம், இந்தப் பயம் எப்போது உங்கள் வீட்டுக்கு வந்தது, உங்கள் வீட்டுக்காரியோடு என்ன செய்யப் பார்க்கிறது, எந்த நாளில் அதற்கு இடங்கொடுக்காமல் நின்றீர்கள் என்று கேட்பார்கள். கேட்டுக் கேட்டு, அவர் செய்த, அவரே மறந்துபோன காரியங்களை வெளியே எடுப்பார்கள்.

உயிர் தப்பி வந்த குற்றவுணர்வுக்கு இது பொருத்தம் என்பது என் எண்ணம். 2009இல் முள்ளிவாய்க்காலில் தாயை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய தகப்பனை நினைத்துப் பாருங்கள். அவருக்குள் இருக்கிற கதை ‘அம்மாவை விட்டிட்டு வந்தவன்’ என்பது மட்டும். சி.பி.ரி. அதைப் பிழையான நினைப்பு என்று திருத்தப் பார்க்கும், அவர் ஏற்கமாட்டார். ‘பிள்ளையைத் தூக்கச் சொன்னது யார்?’ என்று கேட்கிற கேள்விக்கு, ‘அம்மாதான்’ என்ற பதில் வந்தால், அதற்குப் பிறகு கதை அதே கதையாக இராது.

இந்த வழியில் வந்த இன்னொன்று ‘வாழ்க்கை மரம்’. சிம்பாப்வேயைச் சேர்ந்த ங்கசெலோ ங்குபேயும் அடிலெய்டின் டேவிட் டென்பரோவும் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக அமைத்தார்கள். மரம் ஒன்றை வரைந்து, வேரில் வந்த ஊரும் முன்னோரும், நிலத்தில் இன்றைய வாழ்வு, அடிமரத்தில் திறமைகள், கிளைகளில் எதிர்பார்ப்பு, இலைகளில் வேண்டிய ஆட்கள், கனிகளில் பெற்ற கொடைகள் என்று எழுத வேண்டும். பிள்ளைகளுக்கும், கூடியிருந்து வேலை செய்ய விரும்பும் பெண்களுக்கும் உகந்தது. எங்களவர் பனையைத்தான் வரைய ஆசைப்படுவார்கள். பனைக்குக் கிளை இல்லை. வேம்போ மாமரமோ வரைவது சுகம்.

தனி ஆளா, குடும்பமா?

மேலே சொன்ன எல்லா முறைக்கும் பொதுவான ஒரு குறை, அவை பெரும்பாலும் ஓர் அறையில் ஒரு கதிரையில் ஓர் ஆளை இருத்தி வைப்பது. எங்கள் துயரம் அப்படி வந்ததல்ல. ஊர் முழுதும் சேர்ந்து இடம்பெயர்ந்தது, சேர்ந்து பட்டினி கிடந்தது. தயா சோமசுந்தரம் இதைக் கூட்டு மனவடு என்று எழுதி, சிகிச்சையும் குடும்பத்துக்கும் ஊருக்கும் செய்யப்பட வேண்டும் என்று வாதிட்டார். யாழ்ப்பாணத்தில் அவர் சைவருக்குச் செபம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, இஸ்லாமியருக்குத் திக்ர், பௌத்தருக்கு மூச்சைக் கவனிக்கும் தியானம் என்று அவரவர் பழக்கத்தையே தளர்வுப் பயிற்சியாகக் கொடுத்தார். மேய்ஸ் ஹில் முருகன் கோயிலிலோ கரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலிலோ ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்தால் பெருமூச்சுக் குறைகிறது என்று ஓர் அம்மா சொன்னால், அதையும் உளவளத்துணையாளரிடம் சொல்ல வேண்டும். நல்லவர் அதைக் குறித்துக்கொள்வார்.

காணாமற் போனவர்களின் குடும்பங்களுக்கு இது இன்னும் முக்கியம். செத்தவீடு நடந்தால் ஒப்பாரி உண்டு, எட்டு உண்டு, அந்தியேட்டி உண்டு, வருடா வருடம் திவசம் உண்டு. காணாமலாக்கப்பட்டவருக்கு ஒன்றுமில்லை. பொட்டு வைப்பதா, விடுவதா என்பதே தீராத கேள்வி. இத்தகைய இழப்பை அமெரிக்கரான போலின் பொஸ் ‘தெளிவற்ற இழப்பு’ என்றார். இதை முடித்து வைக்கப் பார்ப்பது பிழை, இருக்கிறார், இல்லை என்ற இரண்டையும் ஒன்றாகத் தாங்கிக்கொண்டு வாழப் பழகுவதே வழி என்பது அவர் கருத்து. அவர் இறந்துவிட்டார் என்று ஏற்றுக்கொள்ளுங்கள் என ஒரு சிகிச்சையாளர் உங்களை நெருக்கினால், நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

ஃபவுண்டேஷன் ஹவுஸ் 1998இல் வெளியிட்ட வழிகாட்டி நூல் இந்த விஷயத்தில் தெளிவாக இருந்தது. பாதுகாப்பு, உறவு, வாழ்வின் பொருள், மானம் ஆகிய நான்கையும் திரும்பக் கட்டுவதே இலக்கு என்றது. இந்தக் கண்ணால் பார்த்தால் ஆங்கில வகுப்புக்குப் போக வழிசெய்வதும், பெண்கள் கூடுகிற குழுவில் ஒரு இடம் பிடித்துக் கொடுப்பதும் சிகிச்சையின் பகுதிதான். வந்த புதிதில் பிள்ளை வளர்ப்பிலும் கணவன் மனைவிக்கிடையிலும் வருகிற இழுபறி பற்றி, சொந்த மொழியில் குழுவாக இருந்து கதைக்கும் வகுப்புகளை ஸ்டார்ட்ஸ் நடத்துகிறது. தனியே போகக் கூச்சப்படுபவர்கள் இப்படியானதில் தொடங்கலாம்.

போகுமுன் தெரிந்திருக்க வேண்டியவை

மொழிபெயர்ப்பாளர் இலவசம். நிலையமே ஒழுங்கு செய்யும். பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிப் போகாதீர்கள். தாய் பட்டதை மகனின் வாயால் ஆங்கிலத்தில் சொல்ல வைப்பது இரண்டு பேருக்கும் கொடுமை. சிட்னியில் தமிழ்ச் சனம் சின்ன வட்டம், மொழிபெயர்க்க வருபவர் நாளைக்குப் பெண்டில் ஹில் கடையில் நிற்பார் என்ற பயம் நியாயமானது. தொலைபேசியில் வேறு மாநிலத்து ஆளைத் தாருங்கள் என்று கேட்கலாம். பெண்தான் வேண்டும், ஆண்தான் வேண்டும் என்றும் கேட்கலாம். உங்கள் பெயரை மொழிபெயர்ப்பாளருக்குச் சொல்லாமலே கதைக்க முடியும்.

சொன்னது குடிவரவுத் திணைக்களத்துக்குப் போகுமா? உங்கள் சம்மதமில்லாமல் கடிதம் எழுதமாட்டார்கள். ஆனால் இரகசியத்துக்கு விதிவிலக்கு உண்டு. உயிருக்கு ஆபத்தென்றாலோ, பிள்ளைக்குத் தீங்கு நடக்கிறதென்று தெரிந்தாலோ அவர்கள் அறிவித்தாக வேண்டும். இதை முதல் நாளே அவர்கள் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கேளுங்கள்.

மெடிகெயர் வழியாகப் போகிறவர் முதலில் குடும்ப வைத்தியரிடம் மனநலத் திட்டம் எழுதுவிக்க வேண்டும். ஒரு வருடத்துக்குப் பத்து அமர்வுகள் வரை கழிவு உண்டு, ஆயினும் சிலர் மேலதிகமாகக் காசு கேட்பார்கள். நேரம் எடுக்கும்போதே எவ்வளவு என்று விசாரிக்கவும். நீண்ட சித்திரவதை பட்டவருக்குப் பத்து அமர்வு போதாது. அவர்கள் நேரே ஸ்டார்ட்ஸ், ஃபவுண்டேஷன் ஹவுஸ் போன்ற இடங்களுக்குப் போவது நல்லது. வைத்தியரின் கடிதம் இல்லாமல் தாங்களாகவே தொலைபேசி எடுக்கலாம். காத்திருப்போர் வரிசை இருக்கக்கூடும்.

முதற் சந்திப்பில் மூன்று நான்கு கேள்வி கேட்பதற்குக் கூச்சப்படக்கூடாது. நீங்கள் செய்வது எந்த முறை? நடந்ததைச் சொல்ல வேண்டி வருமா, எப்போது? எத்தனை தரம் வரவேண்டும்? பலன் இல்லாவிட்டால் வேறென்ன செய்வீர்கள்? ஊரில் டாக்டரிடம் இப்படிக் கேட்டுப் பழக்கமில்லை, மரியாதைக் குறைவென்று தோன்றும். இங்கே கேட்காதவரைத்தான் அவர்களுக்கு விளங்கிக்கொள்வது சிரமம். ஒருவரோடு ஒத்துவராவிட்டால் அதே நிலையத்தில் இன்னொருவரைத் தரும்படி கேட்கலாம், கோப்பில் கறுப்புப் புள்ளி விழாது.

சாகலாம் என்ற நினைப்பு வருகிறவர் நேரம் குறித்துக் காத்திருக்கக் கூடாது. உடனடி ஆபத்தென்றால் 000. கதைக்க ஓர் ஆள் வேண்டுமென்றால் லைஃப்லைன் 13 11 14, இரவு பகல் எந்நேரமும். ஆங்கிலம் வராதென்றால் முதலில் 13 14 50க்கு எடுத்து, “ரமில்” என்ற ஒரு சொல்லைச் சொல்லுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வந்ததும், லைஃப்லைனுக்கு இணைக்கச் சொல்லிக் கேட்டால் இணைத்துவிடுவார்கள்.